திரையில் பழைய வீடியோ கேம்கள்: வாசகர் கேள்வி – பதில்

வீடியோ கேம்களின் தொடக்கக் காலத்தைச் சொல்லும் திரைப்படங்களையும் ஆவணப்படங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வீடியோ கேம் வரலாறு பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?
*– கல்லூரி மாணவி, மதுரை*

நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2020-இல் வெளியான ‘ஹை ஸ்கோர்’ என்ற ஆறு பகுதித் தொடரிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்களே அதில் நேரில் வந்து பேசுகிறார்கள். அதுதான் அந்தத் தொடரின் பெரும் பலம். 1978-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டைப் படைத்த தோமோஹிரோ நிஷிகாடோ, 1980-இல் ‘பேக்-மேன்’ விளையாட்டைத் தந்த தோரு இவாதானி ஆகிய இருவரையும் முதல் பகுதியிலேயே பார்க்கலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய ஆட்டம் வேகமெடுக்கும் அல்லவா? அன்றைய செயலிக்கு 55 உருவங்களையும் நகர்த்தி வரைவதற்கு நேரம் பிடித்தது. உருவங்கள் அழிய அழிய வேலை குறைந்து, மீதமிருந்தவை தாமாகவே விரைந்தன. இயந்திரத்தின் அந்தக் குறைபாட்டை நிஷிகாடோ நீக்காமல் விட்டு வைத்ததால்தான் அந்த ஆட்டத்துக்கு அப்படியொரு பதற்றம் கிடைத்தது. இப்படிப்பட்ட செய்திகளைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த மனிதர்கள் பேசுவதன் மதிப்பு இன்னும் நன்றாகப் புரியும்.

அதே பகுதியில் ரெபெக்கா ஹெய்ன்மன் வருகிறார். 1980-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போட்டியில் முதலிடம் பெற்றவர் அவர். பின்னாளில் தேர்ந்த நிரலாளராகவும் விளங்கினார். 2025 நவம்பரில் அவர் காலமாகிவிட்ட நிலையில், அந்தப் போட்டியை அவர் வாய்மொழியாகவே கேட்க முடிகிற பதிவு என்ற வகையில் அந்தக் காட்சிக்குத் தனி மதிப்பு உண்டாகியிருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரே ஒரு நாயகரை நிறுத்துவது இந்தத் தொடரின் பழக்கம். கேம் கேசட்டை மாற்றி மாற்றிச் செருகும் முறையை 1976-இல் ‘சானல் எஃப்’ இயந்திரத்தின் வழியே சந்தைக்குக் கொண்டுவந்த ஜெர்ரி லாசனைப் பற்றி அவருடைய பிள்ளைகள் பேசும் பகுதி நெஞ்சைத் தொடுகிறது. கறுப்பினப் பொறியாளர் ஒருவருக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த அங்கீகாரம் அது. ஆனால் அந்த முறையின் முதல் வடிவத்தை ஆல்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் பொறியாளர்கள் முன்பே செய்திருந்தார்கள் என்பதையும், லாசன் பணியாற்றிய ஃபேர்சைல்டு நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றது என்பதையும், அந்த மாதிரியை வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் பொருளாக மாற்றிய கடினமான வேலைதான் லாசன் குழுவினுடையது என்பதையும் சேர்த்துச் சொல்வதால் அவருடைய பெருமை சிறிதும் குறையாது. பொறியியலில் அந்த இரண்டாம் கட்ட வேலை எவ்வளவு பெரியது என்பது பொருளை உற்பத்தி செய்து விற்றவர்களுக்குத் தெரியும்.

‘தி கிங் ஆஃப் காங்’ படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டீவ் வீபிக்காகக் கண்கலங்கினேன். ஆனால் அந்தப் படம் உண்மையைத் திரித்துவிட்டது என்று நண்பர் சொல்கிறார். எதை நம்புவது?
*– வங்கி ஊழியர், திருச்சி*

நீங்கள் கண்கலங்கியதும் நியாயம்; உங்கள் நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேத் கார்டன் இயக்கி 2007-இல் வெளியான இந்த ஆவணப்படம், 1981-இல் வந்த ‘டாங்கி காங்’ விளையாட்டில் உலக சாதனைக்காக இருவர் மோதிய கதை. ஒருவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பில்லி மிட்செல். 1980களிலிருந்தே புகழ் பெற்றவர், உணவகம் நடத்துபவர், பேக்-மேனில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளிகளான 33,33,360-ஐ 1999-இல் எட்டியதாக அறிவிக்கப்பட்டவர். மற்றவர் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்ட் நகரைச் சேர்ந்த ஸ்டீவ் வீபி. வேலை இழந்த நாட்களில் கார் கொட்டகையில் இயந்திரத்தை நிறுத்தி வைத்து விளையாடத் தொடங்கி, பின்பு பள்ளியில் அறிவியல் ஆசிரியரானவர். சாதனைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் பொறுப்பு, வால்டர் டே நிறுவிய ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பிடம் இருந்தது.

அந்தக் கொட்டகைக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். வீபி தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார். அதைப் பதிவு செய்யும் வீடியோ நாடாவில் அவருடைய சின்ன மகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வரச்சொல்லிக் கத்துவது கேட்கிறது. தந்தையின் கைகள் ஜாய்ஸ்டிக்கை விடவில்லை. குரல் மட்டும் மகனுக்குப் பதில் சொல்கிறது. எந்த இயக்குநரும் ஏற்பாடு செய்திருக்க முடியாத காட்சி அது. சாதனை என்ற சொல்லுக்குப் பின்னால் வீட்டில் உள்ளவர்கள் கொடுக்கும் விலையை இதைவிட நேராகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடியும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் படத்தில் அடிக்கடி பேசப்படும் ‘கில் ஸ்கிரீன்’ அதுதான். டாங்கி காங் ஒவ்வொரு நிலைக்கும் தரும் நேரத்தை, நிலையின் எண்ணைப் பத்தால் பெருக்கி 40-ஐக் கூட்டிக் கணக்கிடுகிறது. 22-ஆம் நிலையில் அது 260 ஆகிறது. அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் ஓர் இடத்தில் 255-க்கு மேல் எழுத முடியாது என்பதால் எண் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 4 என்று நிற்கிறது. நேரம் சில நொடிகளில் தீர்ந்து, ஆடுபவர் எவ்வளவு வல்லவரானாலும் சாக நேர்கிறது. ஆகவே டாங்கி காங்கில் சாதனை என்பது எவ்வளவு தூரம் போனோம் என்பதல்ல, அந்தச் சுவரை அடைவதற்குள் எவ்வளவு புள்ளிகளைத் திரட்டினோம் என்பதே.

இனி உங்கள் நண்பர் சொல்வதற்கு வருவோம். மிட்செலின் 1982-ஆம் ஆண்டுச் சாதனை வீபி வரும்வரை அசையாமல் இருந்தது போலப் படம் காட்டுகிறது. உண்மையில் 2000-த்திலேயே மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கடந்திருந்தார். கதைக்கு இருவர் போதும் என்று முடிவு செய்தபின் மூன்றாமவருக்கு இடமில்லாமல் போயிற்று. மிட்செலும் வால்டர் டேயும் தாங்கள் காட்டப்பட்ட விதத்தை ஏற்கவில்லை. எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு: வால்டர் டே, அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா என்ற சிறிய ஊரில் 1980களின் தொடக்கத்திலேயே சாதனைகளுக்குப் பதிவேடு வைத்தவர், அவர் இல்லையென்றால் இந்தப் போட்டிக்கே ஆதாரம் இருந்திருக்காது. படம் அவரைத் தடுமாறும் மனிதராக மட்டும் காட்டியது எனக்கு உடன்பாடில்லை.

படம் வந்த பின்னும் கதை நீண்டது. படத்தில், நியூ ஹாம்ப்ஷயரின் ஃபன்ஸ்பாட் கேம் கூடத்தில் வீபி பலர் முன்னிலையில் 9,85,600 புள்ளிகள் எடுக்கிறார். அங்கேயே மிட்செல் அனுப்பிய வீடியோ நாடா 10,47,200 புள்ளிகளைக் காட்டுகிறது. அந்த நாடா உட்பட மிட்செலின் சில ஆட்டங்கள் மாற்றம் செய்யப்படாத அசல் இயந்திரத்தில் ஆடப்பட்டவை அல்ல என்று 2018-இல் ட்வின் கேலக்ஸீஸ் முடிவு செய்து அவருடைய சாதனைகளை நீக்கியது. ஒரு நிலை முடிந்து மறு நிலை தோன்றும்போது இரும்புச் சட்டங்கள் திரையில் வரையப்படும் வரிசை, அசல் இயந்திரத்துக்குப் பொருந்தாமல் கணினி எமுலேட்டரை (பழைய இயந்திரத்தைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளை) ஒத்திருந்தது என்பது புகார் செய்தவர்களின் முக்கியச் சான்று. மிட்செல் இதை மறுத்தார். கின்னஸ் அமைப்பு 2020-இல் அவருடைய சாதனைகளை மீண்டும் சேர்த்துக்கொண்டது. அவர் தொடுத்த வழக்கு 2024 ஜனவரியில் சமரசத்தில் முடிந்து, அவருடைய புள்ளிகள் ட்வின் கேலக்ஸீஸின் பழைய பதிவுத் தொகுப்பில் இடம்பெற்றன. இதற்கிடையில் இளம் ஆட்டக்காரர்கள் இருவரையும் தாண்டி 12 லட்சத்துக்கு மேல் போய்விட்டார்கள்.

படத்தை விரும்புங்கள், ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடவே அதே 2007-இல் வந்த ‘சேஸிங் கோஸ்ட்ஸ்’ ஆவணப்படத்தையும் பாருங்கள். 1982-இல் லைஃப் இதழுக்காக ஒட்டம்வாவின் தெருவில் கேம் இயந்திரங்களுடன் நின்று படமெடுத்துக்கொண்ட இளைஞர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று அது விசாரிக்கிறது. வில்லன் என்று எவரையும் நிறுத்தாததால் பரபரப்புக் குறைவு, மனிதர்கள் அதிகம்.

‘இ.டி.’ திரைப்படத்தை வைத்துச் செய்த ஒரே ஒரு மோசமான விளையாட்டு, அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியையே கவிழ்த்தது, விற்காத கேசட்டுகளைப் பாலைவனத்தில் புதைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?
*– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்*

புதைத்தது உண்மை. ஒரே விளையாட்டு கவிழ்த்தது என்பது உண்மையல்ல.

1983 செப்டம்பரில் டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து லாரிகளில் ஏற்றி வந்த சரக்கை நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று அந்த இடத்தைத் தோண்டியபோது நடந்தவைதான் ஸாக் பென் இயக்கிய ‘அட்டாரி: கேம் ஓவர்’ படத்தின் மையம். அன்று புழுதிப் புயல், சுற்றிலும் கூட்டம், முப்பது ஆண்டுக் குப்பைக்குள்ளிருந்து நசுங்கிய பெட்டிகளும் கேசட்டுகளும் மேலே வருகின்றன. சுமார் 1,300 கேசட்டுகள் மீட்கப்பட்டன. அவற்றில் இ.டி. மட்டும் இல்லை, நன்றாக விற்ற ‘சென்டிபீட்’ போன்ற விளையாட்டுகளும் இருந்தன. அந்தக் கால மேலாளர் ஒருவர் மொத்தம் 7,28,000 கேசட்டுகள் புதைக்கப்பட்டதாகக் கூறினார். ஆக, அங்கே புதைந்திருந்தது ஒரு தோல்விப் படைப்பு அல்ல. கணக்குத் தவறிய ஒரு நிறுவனத்தின் கிடங்குச் சரக்கு.

கூட்டத்தினிடையே நின்று தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. இ.டி.யைத் தனியொருவராக ஐந்தே வாரங்களில் எழுதி முடித்தவர் அவர்தான். 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் சரக்கு கடைக்கு வந்தாக வேண்டும் என்று நிர்வாகம் திரைப்பட உரிமையைப் பெரும் விலைக்கு வாங்கிவிட்டு, செய்யும் காலத்தைக் குறுக்கியது. அதற்கு முன் அவர் செய்த ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ இன்றும் போற்றப்படும் படைப்பு. அப்படிப்பட்டவரின் பெயரோடு ‘உலகின் மிக மோசமான விளையாட்டு’ என்ற பட்டத்தை ஒட்டிவிட்டு, சரக்குக்கு அளவில்லாமல் ஆர்டர் கொடுத்தவர்களின் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அட்டாரி 1983-இல் மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் இழந்தது. இருப்பு பெருகியது, தரமற்ற விளையாட்டுகள் பல நிறுவனங்களிடமிருந்து வந்து குவிந்தன, வீட்டுக் கணினிகள் விலை குறைந்தன. இவையெல்லாம் சேர்ந்த வீழ்ச்சி அது. வார்ஷா பின்பு உளவியல் சிகிச்சையாளரானார். படத்தின் இறுதியில் அவர் கண்கள் நிறைவதைப் பார்க்கும்போது, ஒரு தொழில் தன் பழியைச் சுமக்க ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்த அநீதி புரியும்.

அவரே 2003-இல் வெளியிட்ட ‘ஒன்ஸ் அப்பான் அட்டாரி’ என்ற நான்கு பகுதி ஆவணப்படத்தையும் தேடிப் பாருங்கள். காட்சித் தரம் எளிமையானது. ஆனால் உடன் வேலை பார்த்தவர்கள் உடன் வேலை பார்த்தவரிடம் பேசும் உரிமையோடு பேசுகிறார்கள். விளையாட்டை எழுதியவர் பெயரைக்கூட நிறுவனம் வெளியிடாத காலம் அது. அதனால்தான் வாரன் ராபினெட் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதற்குள் தன் பெயரை ஒளித்து வைத்தார். டேவிட் கிரேன் உள்ளிட்ட நால்வர் 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

‘டெட்ரிஸ்’ திரைப்படத்தில் வரும் கார் துரத்தல் உண்மையில் நடந்ததா?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

நடக்கவில்லை. 2023-இல் ஜான் எஸ். பேர்ட் இயக்கத்தில் வந்த அந்தப் படத்தில் மாஸ்கோ வீதிகளில் விமான நிலையம் வரை நடக்கும் துரத்தல், திரைக்காக எழுதியது. ஆனால் நடந்த கதையே போதுமான அளவுக்கு விறுவிறுப்பானது என்பதால்தான் அந்தச் சேர்க்கை எனக்கு வருத்தம் தருகிறது.

சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் டெட்ரிஸை எழுதினார். படம் வரையும் வசதியே இல்லாத இயந்திரம் அது. எனவே விழும் கட்டங்களை அடைப்புக்குறிகளைக் கொண்டே அமைத்தார். வாடிம் கெராசிமோவ் என்ற பதின்வயது மாணவர் அதை ஐ.பி.எம். கணினிக்கு மாற்றியபின், ஃப்ளாப்பியில் கைக்குக் கை பரவியது. லண்டனில் இருந்த ராபர்ட் ஸ்டெய்ன், கையொப்பமான ஒப்பந்தம் கைக்கு வருமுன்பே அதன் உரிமையை விற்கத் தொடங்கினார். உரிமை மேக்ஸ்வெல் குடும்பத்தின் மிரர்சாஃப்ட் நிறுவனம் வழியாகக் கைமாறிக் கைமாறி, யாருக்கு எது சொந்தம் என்றே தெரியாத நிலை உண்டாயிற்று.

1989 பிப்ரவரியில் மூன்று தரப்பினர் ஏறக்குறைய ஒரே நாட்களில் மாஸ்கோ வந்தார்கள்: ஸ்டெய்ன், மிரர்சாஃப்ட் தரப்பில் கெவின் மேக்ஸ்வெல், நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக உரிமை தேடி முறையான அழைப்பின்றி வந்த ஹென்க் ராஜர்ஸ். கணினி மென்பொருள் ஏற்றுமதிக்கான எலோர்க் அமைப்பில் நிக்கோலாய் பெலிகோவ் இவர்களைத் தனித்தனியாகச் சந்தித்தார். ராஜர்ஸ் கொண்டுவந்து காட்டிய கேம் கேசட்டைப் பார்த்துத்தான், தாங்கள் கொடுக்காத உரிமையின் பேரில் டெட்ரிஸ் விற்பனையாகிறது என்பதே பெலிகோவுக்குத் தெரியவந்தது.

பிறகு பெலிகோவ் செய்த காரியம்தான் இந்த முழு வரலாற்றின் உச்சம். ஸ்டெய்னிடம் ஒரு திருத்த ஒப்பந்தத்தை நீட்டினார். பணம் தாமதமானால் அபராதம் என்ற பிரிவு அதில் கண்ணை உறுத்தும்படி இருந்தது. ஸ்டெய்னின் கவனம் முழுவதும் அதிலேயே போயிற்று. அதே தாளில், கணினி என்பது செயலி, திரை, வட்டு இயக்கி, விசைப்பலகை, இயக்க முறைமை ஆகியவை கொண்டது என்று ஒரு வரி இருந்தது. ஸ்டெய்ன் கையெழுத்திட்டார். விசைப்பலகையும் வட்டும் இல்லாத டிவி கேம் கருவிகளும் கேம் பாயும் அந்த ஒரு வரியால் அவருடைய உரிமைக்கு வெளியே போயின. அந்த உரிமைகள் நின்டெண்டோவுக்குச் சென்றன. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, போட்டி நிறுவனமான டென்ஜென் தன் டெட்ரிஸ் கேசட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. ஓர் அரசு அலுவலர் காகிதத்தில் எழுதிய விளக்கம் இவ்வளவு பெரிய வணிகத்தின் திசையை மாற்றிய காட்சிக்கு எந்தக் கார் ஈடாகும்?

இந்த விவரங்களுக்குப் பி.பி.சி. 2004-இல் தயாரித்த ‘டெட்ரிஸ்: ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ ஆவணப்படமே சிறந்தது. பஜித்னோவ், ராஜர்ஸ், ஸ்டெய்ன், பெலிகோவ் நால்வரும் அதில் தங்கள் தரப்பைத் தாங்களே சொல்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, உரிமை தன் கைக்குத் திரும்பிய 1996 வரை பஜித்னோவ் தன் படைப்புக்கு உரிமத் தொகை பெறவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சாய்ந்த மேசையில் உலோகப் பந்தை இழுத்துவிட்டு ஆடும் பின்பால் இயந்திரங்களை, சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் தடை செய்திருந்ததாமே? அதைப் பற்றி ஏதாவது படம் உண்டா?
*– வழக்கறிஞர், திருநெல்வேலி*

உண்டு. ஆஸ்டின் பிராக், மெரிடித் பிராக் சகோதரர்கள் இயக்கிய ‘பின்பால்: தி மேன் ஹூ சேவ்ட் த கேம்’. 1940களின் தொடக்கத்தில் மேயர் லகார்டியா காலத்தில் வந்த தடை, 1976 வரை நீடித்தது. அந்த ஆண்டு நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர், பின்பால் அதிர்ஷ்டமல்ல, திறமை என்று நேரில் ஆடி நிரூபிக்க வந்தார். கொண்டுவந்த இரண்டு இயந்திரங்களில் அவர் பழகாத இன்னொன்றில் ஆடச் சொன்னார்கள். பந்து எந்தத் தடத்தில் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்துவிட்டார், சொன்னபடியே விழுந்தது. தடை நீங்கியது. அந்த ஒரு வீச்சில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கிருந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தப் படத்தை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம், முதிய ஷார்ப் பாத்திரம் அவ்வப்போது குறுக்கிட்டு, ‘இது இப்படி நடக்கவில்லை’ என்று படத்தையே திருத்துவது. டெட்ரிஸ் படத்துக்கு இல்லாத நேர்மை இது.

நான் பார்வையற்றவன். படம் காட்டும் விளையாட்டுகளின் வரலாற்றையே எல்லோரும் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் ஆடிய விளையாட்டுகளைப் பற்றி எவரும் படமெடுக்கவில்லையா?
*– ஆசிரியர், சேலம்*

ஜேசன் ஸ்காட் 2010-இல் வெளியிட்ட ‘கெட் லாம்ப்’ ஆவணப்படம் உங்களுக்கானது. எழுத்தாலேயே நடக்கும் சாகச விளையாட்டுகளின் வரலாறு அது. திரையில் ‘நீங்கள் ஒரு குகை வாயிலில் நிற்கிறீர்கள்’ என்பது போன்ற விவரிப்பு வரும். ஆடுபவர் வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்தைப் பேச்சாக்கும் கருவி இருந்தால் பார்வை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஆட்டம் ஒன்றே. அவற்றை ஆடிய பார்வையற்றவர்களுக்கு இந்தப் படம் தனிப் பகுதி ஒதுக்கி, அவர்கள் வாயாலேயே பேசவைத்திருக்கிறது; காது கொடுத்துக் கேட்டாலே பெரும்பகுதி புரிந்துவிடும் நேர்காணல் படம் இது.

இவற்றின் தொடக்கம் வில் க்ரௌதர் என்ற நிரலாளரிடமிருந்து வருகிறது. குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பதில் பெரும் ஈடுபாடு கொண்ட அவர், 1970களின் நடுவில் மணவாழ்க்கை முறிந்த நாட்களில், தன் மகள்கள் விளையாடுவதற்காகக் கென்டக்கியின் மாமத் குகைத் தொகுதியில் தான் நடந்த பாதைகளையே ஒரு விளையாட்டாக எழுதினார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அதைப் பார்த்து எம்.ஐ.டி. மாணவர்கள் ‘ஸோர்க்’ எழுதினார்கள். அதிலிருந்து இன்ஃபோகாம் நிறுவனம் பிறந்தது. ஸ்காட் அந்தக் குகைக்கே கேமராவோடு போனவர். கல்லூரிப் பாடத்தில் சேர்க்கத் தகுந்த படம் என்று தயங்காமல் சொல்வேன்.

‘வீடியோ கேம்ஸ்: தி மூவி’ பார்க்கலாமா?
*– வாசகி, புதுச்சேரி*

தேவையில்லை. 2014-இல் வந்த அந்தப் படம் ஆண்டுகளை முன்னும் பின்னும் தாண்டித் தாண்டிச் சொல்வதால் எது எதற்குக் காரணம் என்பதே புரியாமல் போகிறது. வரலாற்றைவிடத் தொழிலின் புகழ்ச்சிதான் அதிகம்.

பள்ளிக் கணினி அறையில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ ஆடிய தலைமுறை நாங்கள். அதைப் பற்றி ஆவணப்படம் உண்டா?
*– மென்பொருள் பணியாளர், சென்னை*

ஆர்ஸ் டெக்னிகா தளம் 2020-இல் வெளியிட்ட குறும்படத்தில் ஜோர்டான் மெக்னரே அதைச் செய்த கதையைச் சொல்கிறார், யூடியூபில் பார்க்கலாம். இளவரசனின் ஓட்டமும் தாவலும் உயிருள்ள மனிதனுடையவை போல இருந்ததற்குக் காரணம், மெக்னர் 1985-இல் தன் தம்பியை வெள்ளை உடையில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் வைத்துப் படமெடுத்து, அந்தப் பிம்பங்களை ஒவ்வொன்றாக வரைந்து கணினிக்குள் ஏற்றியதே.

அந்த அசைவுகளே ஆப்பிள் II கணினியின் நினைவகத்தை விழுங்கிவிட்டன. சண்டைக்கு எதிரி வேண்டும், எதிரியை வரைய இடமில்லை. அப்போதுதான் இளவரசனின் உருவத்தையே ஒரு பிட் தள்ளி அதன் மீதே எக்ஸார் (இரண்டு பிம்பங்களும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் ஒளிரவிடும் கணக்கு) செய்து பார்த்தார். மினுமினுக்கும் நிழலுரு ஒன்று கிடைத்தது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவும்போது எதிர்ப்புறம் குதித்து ஓடி, பிறகு உங்கள் மருந்துக் குப்பியைக் குடித்துவிடுமே, அந்த நிழல் மனிதன் பிறந்தது இடப் பற்றாக்குறையில்தான்.

1989-இல் வெளியான அந்த விளையாட்டின் ஆப்பிள் II மூல நிரல் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. அவருடைய தந்தையின் வீட்டில் ஃப்ளாப்பிகள் அகப்பட்டன. 2012-இல் மேலே சொன்ன ஜேசன் ஸ்காட் முதலானோர் உதவியுடன் அவற்றைப் படித்தெடுத்து, மெக்னர் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். அந்தத் தந்தை ஃபிரான்சிஸ் மெக்னர்தான், மகன் முன்பு செய்த ‘கராத்தேகா’ விளையாட்டு, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ இரண்டுக்கும் இசையமைத்தவர்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘தி மேக்கிங் ஆஃப் கராத்தேகா’ இருக்கிறது. அதை ஆவணப்படம் என்பதா, விளையாட்டு என்பதா? தந்தையும் மகனும் பேசும் காட்சிகளுக்கும் நாட்குறிப்புப் பக்கங்களுக்கும் பதிப்பாளர் எழுதிய கடிதங்களுக்கும் நடுவே, பாதியில் நின்றுபோன பழைய வடிவங்களை எடுத்து ஆடியே பார்க்கலாம். ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான முறையை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் 90களில் இருந்த வீடியோ கேம் கடைகளைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க நினைக்கிறேன். பழைய கேசட்டுகளும் ஃப்ளாப்பிகளும் கொஞ்சம் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
*– காட்சித் தொடர்பியல் மாணவர், தஞ்சாவூர்*

மனிதர்களிடமிருந்து தொடங்குங்கள்; பொருள்கள் கொஞ்சம் காத்திருக்கும். கடை நடத்தியவர், இயந்திரம் பழுது பார்த்தவர், கேசட் வாடகைக்குக் கொடுத்தவர் ஆகியோரை முதலில் பதிவு செய்யுங்கள். ஆடியவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், நடத்தியவர்கள் சிலரே. இயந்திரம் எங்கிருந்து வந்தது, ஓர் ஆட்டத்துக்கு என்ன வாங்கினார்கள், மின்வெட்டு வந்தால் என்ன செய்தார்கள், எப்போது மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று கணக்கு வழக்கோடு கேளுங்கள். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்ற பேச்சு தானாக வந்துவிடும். ரசீது, பெயர்ப்பலகை, நிழற்படம், வாடகைப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்டு வாங்கினால்தான் வரும்.

அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவ்வளவு வசதியும் ஆவணமும் உள்ள நாட்டின் நிலை அது. ஆகவே உங்களிடம் உள்ள ஃப்ளாப்பிகளைச் சாதாரணக் கணினியில் செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். பழைய காந்தப் பூச்சு ஒவ்வொரு முறையும் உரியக்கூடும். பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், எழுத முடியாதபடி தடுப்பை நகர்த்தி வையுங்கள், முழு வட்டையும் நகலெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரே முறையில் படித்தெடுக்கச் செய்யுங்கள். கேசட்டுகளின் மேல் ஒட்டியுள்ள தாள், கடைக்காரர் பேனாவில் எழுதிய எண், விலை எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன் இருபுறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். நேர்காணலைச் சுருக்கிப் படமாக்கிய பின்னும் முழுப் பதிவையும் அழிக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள், அதில் ஒன்று உங்கள் கல்லூரி நூலகமாக இருக்கட்டும்.